எழுதி வைத்த அரை மணி நேரம்

புத்தூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இருதயமேரி பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருந்தார்.

சில மருந்துகளை ஊசியாகப் போடுமுன் முன்கையில் ஒரு துளி செலுத்தி, தடிப்பு எழுகிறதா என்று அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். அவருடைய வார்டிலோ கூட்டம் மிகுந்த காலைகளில், “டெஸ்ட் டோஸ் போடப்பட்டது, ஒவ்வாமை இல்லை” என்று எல்லாக் கேஸ் ஷீட்டுகளிலும் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். சோதனை பின்னர் நடக்கும். சில நாள் நடக்காமலும் போகும்.

சென்ற ஆடியில், ஸ்ரீரங்கத்திலிருந்து பீமராவ் என்பவர் காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். அவருடைய ஷீட்டிலும் இருதயமேரி அவ்வாறே எழுதினார். சோதிக்காமலே ஊசியையும் போட்டார். ஐந்தாவது நிமிடத்தில், “மூச்சு முட்டுதும்மா” என்றார் பீமராவ். சற்று நேரத்தில் அவர் இறந்துபோனார்.

அவர் மகள் அனுசுயா நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தார். மேலாளர் ஜோஸ், இருதயமேரியின் வாக்குமூலத்தைத் தாமே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். சோதனை முறையாக நடந்தது என்றும், நோயாளி தம் ஒவ்வாமையை மறைத்துவிட்டார் என்றும் அதில் இருந்தது.

“சிஸ்டர், உங்க கையால எழுதினதைத்தானே சொல்லப்போறீங்க? மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“போடலைன்னா, சார்?”

“நர்ஸ் பொய் எழுதிட்டாங்கன்னு நாங்களே சொல்லிடுவோம். உங்க நர்ஸ் பதிவு போயிடும். போலீஸ்கூட வரலாம்.”

இருதயமேரி தாளோடு வார்டுக்குத் திரும்பினார். இளம் செவிலியர் ஷெர்லின், உப்பிலியபுரத்துப் பவுனம்மாளுக்கு ஊசி போடக் கையைத் தூக்கியிருந்தாள்.

“டெஸ்ட் போட்டியா?”

“எழுதியாச்சு, சிஸ்டர்.”

“போட்டியான்னு கேட்டேன்.”

இருதயமேரி ஊசியை வாங்கி வைத்துவிட்டு, தாமே சோதனைத் துளியைச் செலுத்தினார். பிறகு அந்த முன்கையையே பார்த்தபடி அமர்ந்தார்.

“ஏம்மா, என்னத்தை அப்படிப் பாக்குறே? ரேகை பாத்து ஆயுசு சொல்லப்போறியா?” என்று பவுனம்மாள் கேட்டார். இருதயமேரியால் சிரிக்க முடியவில்லை.

அரை மணி நேரம் கழிந்தது. தடிப்பு எழவில்லை.

“பாத்தீங்களா, ஒண்ணுமேயில்ல” என்றாள் ஷெர்லின்.

பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவேதான் எல்லாரும் துணிந்து எழுதுகிறார்கள். நாளையும் எழுதுவார்கள் என்று இருதயமேரி எண்ணினார்.

அவர் வாக்குமூலத்தின் வரிகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் கோடிட்டு அடித்தார். “சோதனை செய்யவில்லை. செய்ததாக முன்பே எழுதினேன். நோயாளி எதையும் மறைக்கவில்லை” என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டு, ஜோஸின் மேசைமேல் வைத்தார்.

ஜோஸ் இருமுறை படித்தார். “என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா?”

“தெரியுது, சார்.” இருதயமேரி நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார். “போலீஸ் வீட்டுக்கு வருமா? இல்ல, நானே போகணுமா?”