சொக்கம்மாள் கழனியில் மூலாதாரம்

எதைக் கண்டாலும் சொக்கம்மாளுக்குக் குமட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் தலை எண்ணெய், பந்தியில் சரியாகத் துடைக்காத இலை, அடுத்தவர் வாய் வைத்துக் குடித்த சொம்பு, எதுவும் அவளுக்கு ஆகாது. கழனிச் சேறு மட்டும் விதிவிலக்கு. முழங்கால் வரை சேற்றில் நின்று, அதே கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொள்வாள்.

கூரத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் திருப்புலிவனத்துக்கு வந்தவள். இப்போது ஐம்பத்து மூன்று. கணவன் பச்சமுத்து உரக்கடை வைத்தான், மூடினான். ஆட்டோ வாங்கினான், விற்றான். அவர்கள் வீட்டு அரைக் காணி மட்டும் தரிசாகாமல் இருந்தது என்றால் அது அவள் பாடு. போன சம்பா மழையில் மூழ்கிப்போனது. பொங்கலுக்கு வந்த மகன் சுகுமார், "இந்த நவரைப் போகமும் போச்சுன்னா பிளாட்டுக்குக் குட்துடலாம்மா" என்றான். நல்ல கம்பெனி வேலையில் இருப்பவன், கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "நவரை போவாது" என்றாள்.

நாற்று நன்றாக வந்திருந்தது. இருபத்து மூன்றாம் நாள் வியாழக்கிழமை நடவு. ஊர்ப் பெண்கள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். நடவுக்கு மிஞ்சியது ஊர்க்கோடி இருளர் குடியிருப்பின் கங்கம்மாளும் அவளோடு வரும் ஆறு பெண்களும்தான். கங்கம்மாளும் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பச்சமுத்து ஒரு செய்தியோடு வந்தான். உத்திரமேரூர் சாலையில் புதிதாக வந்திருக்கும் ஆரோக்கிய முகாமில் அவன் வாட்ச்மேன்.

"இந்தா, வியாயக்கெயம நடவுக்கு ஆளு வேணாம். இருவது பேரு வராங்கோ, ஓசில."

"யாரு அந்த தர்மபிரபுங்க?"

"கேம்ப்புக்காரங்கோ. ஒடம்புல ஏழு சக்கரம் கீதாம். மொத சக்கரத்துக்கும் மண்ணுக்கும் சம்பந்தமாம். கழனில எறங்கி நட்டா அது சரியாவுமாம்."

"ஒனக்கு எத்தினி சக்கரம் கீது?"

"எல்லாருக்கும் ஏழுதான்."

"ஒனக்கு ஒண்ணு கழண்டுக்கினு கீது" என்றாள்.

சிரித்தாலும் இருபது ஜோடிக் கை என்ற கணக்கு மனசில் ஓடிவிட்டது. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மறுநாள் ரேஷன் கடை வழியில் கங்கம்மாளைப் பார்த்து, வர வேண்டாம் என்றாள்.

"யம்மா, பாண்டுரங்கன் கழனி நடவுக்குக் கூப்ட்டாங்கோ. ஒனக்கு வாக்கு குட்துட்டேன்னு அத்த வேணாம்னு சொல்லிட்டேனே" என்றாள் கங்கம்மாள்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஆளு கெடச்சிட்ச்சு. கேம்ப்புலேர்ந்து இருவது பேரு, சக்கரத்த சரி பண்ணிக்க வராங்கோ."

கங்கம்மாள் ரேஷன் பையை இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

வியாழக்கிழமை எட்டரைக்கு வேன் வந்தது. இறங்கிய இருபது பேரும் சிவப்புத் துணி உடுத்தியிருந்தார்கள். முதல் சக்கரமான மூலாதாரத்தின் நிறம் சிவப்பாம். சென்னையிலிருந்து வந்து முகாமை நடத்தும் சுதா, சொக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"இது உடம்புக்குள்ள நிஜமா சுத்துற சக்கரம் இல்லம்மா. ஒரு மேப் மாதிரி. மனசு எங்க சிக்கிக்கிட்டிருக்குன்னு உடம்பை வெச்சுப் பார்க்கிறோம். சோறு, வீடு, நிலம் கைவிட்டுப் போயிடுமோங்கிற பயம் முதுகுத்தண்டோட அடியில. கொடுக்கிறது வாங்கிக்கிறது நெஞ்சில. சொல்ல வேண்டியதைச் சொல்லாம முழுங்கினது தொண்டையில."

சொக்கம்மாள் தன்னை அறியாமல் தலையாட்டினாள். பொங்கலிலிருந்து தினமும் காலையில் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது?

அந்த மரியாதை கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

முதலில் அவள் கால்களைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வரப்பில் உட்காரவைத்து, வெடித்த குதிகாலை ஒருத்தி விரலால் தடவினாள். "எவ்ளோ ரூட்டட்!" என்று இன்னொருத்தி படம் எடுத்தாள். சேற்றுப்புண் இருக்கும் விரலிடுக்கை மூன்றாமவள் பூவை முகர்வதுபோலக் குனிந்து பார்த்தாள். சொக்கம்மாள் கூசிப்போய்க் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிறகு இறங்கினார்கள். உடம்பில் பூசியிருந்த வெயில் கிரீம் கரைந்து தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமாக மிதந்தது. மல்லிகை வாசனையும் மருந்து வாசனையும் சேற்று வாடையோடு கலந்து, கெட்டுப்போன பாயசம்போல ஒரு நாற்றம். ஓர் ஆள் சேற்றை முகத்தில் அப்பிக்கொண்டு அழுதான். மூக்கிலிருந்து வழிந்ததையும் சேற்றோடு சேர்த்துக் கழனியிலேயே உதறினான்.

"வேர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நிம்மதி" என்றாள் சுதா வரப்பிலிருந்து. "உங்க பயத்தை எல்லாம் சேர்த்து ஆழமா ஊனுங்க."

ஊன்றினார்கள். இரண்டு மூன்று நாற்று வைக்கும் இடத்தில் கைப்பிடி நாற்று. விரல் நுனி ஆழத்துக்குப் பதில் மணிக்கட்டு வரை. தண்ணீருக்கு மேலே இலை நுனி மட்டும் தெரிந்தது. வரிசை இல்லை. வட்ட வட்டமாக, ஒருவர் நட்டதை ஒருவர் மிதித்துக்கொண்டு போனார்கள்.

"யம்மா, அவ்ளோ ஆயமா குத்தாதீங்கோ! மேலாப்புல வையுங்கோ! குருத்து அழுவிப் பூடும்!"

சுதா உதட்டில் விரலை வைத்தாள். "மௌனம்மா. இது அவங்களோட நேரம்."

தன் கழனியின் வரப்பில் நின்றுகொண்டு சொக்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். வந்தவர்களுக்கு வீட்டு டம்ளர்களில் மோர் வேறு கொடுத்தாள். கங்கம்மாளுக்கு என்று மோட்டார் கொட்டகையில் தனி டம்ளர் வைத்திருப்பவள் அவள்.

போகும்போது மோட்டார் தண்ணீரில் சோப்புத் திரவம் போட்டுக் குளித்தார்கள். நுரை வாய்க்கால் வழியே கழனிக்குள் போனது. முகம் துடைத்த ஈரக் காகிதங்களை நண்டு வளைகளில் திணித்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை அடுத்த பேட்ச் வரும்" என்றாள் சுதா. "அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க. அவங்க ஊன்றின எண்ணம் கலையக்கூடாது."

வேன் திரும்பக்கூட இல்லை, சொக்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"தொடாதன்னாங்களே!" என்று பதறினான் பச்சமுத்து.

"எறங்கிப் புடுங்கு. இல்லன்னா நவுந்து போ. ஒன் மொகத்தப் பாத்தாலே கொமட்டுது."

அவனும் இறங்கினான். புதைந்த நாற்றுகளைப் பிடுங்கி, நுரை படாத மேல் வாய்க்காலில் வேர் நனையும்படி வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு நசுங்கிப்போயிருந்தது. மீதியைத் திரும்ப நட இரண்டு பேரால் ஆகாது.

ஊர்க்கோடிக்குப் போகும் வழியெல்லாம் ஏதோ தொண்டையை அடைத்தது. தொண்டை என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தபோது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் சொன்னது சரி என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதைவிட, கழனியை நாசம் பண்ணியவர்களிடம் கைகட்டி நின்றுவிட்டு, வாக்குக் கொடுத்தவளை நடுரோட்டில் விரட்டிய தன்னை நினைக்கத்தான் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

கங்கம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கூட வேலைக்கு வரும் பெண்களும் இருந்தார்கள்.

"வாம்மா. இருவது பேரும் நட்டு முட்ச்சிட்டாங்களா? சக்கரம் வெச்ச ஆளுங்களாச்சே, ஓடி ஓடி நட்டுருப்பாங்கோ."

பெண்கள் சிரித்தார்கள்.

"நடல. நாத்த பொதைச்சிட்டுப் பூட்டாங்கோ."

"எங்கிட்ட பேசின பேச்ச எங்க பொதைச்ச?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன் கங்கம்மா. ஒன் வேலயும் கெட்டுது, என் கழனியும் கெட்டுது. வந்து நட்டுக் குடு."

கங்கம்மாள் முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "நாளைக்கு பாண்டுரங்கன் கழனி. வேணாம்னு சொன்ன வேலய கெஞ்சி வாங்கிக்கினு வந்துகீறேன், அத்த உட மாட்டேன். சனிக்கெயம வரேன். வேரு காயாம பாத்துக்கோ. அந்த ஆளுங்க காலு இனிமே கழனில படக்கூடாது."

"படாது."

சனிக்கிழமை கங்கம்மாள் வரப்பில் நின்று மூக்கைப் பொத்தினாள். "இன்னாம்மா இது, கழனியா பியூட்டி பார்லரா? தண்ணிய உடு மொதல்ல."

மடையை வெட்டி அத்தனையையும் வடித்தார்கள். நுரை ஒதுங்கிய இடத்தை சொக்கம்மாள் கையாலேயே வழித்து எறிந்தாள். புதுத் தண்ணீர் பாய்ச்சியபின் ஏழு பேரோடு எட்டாவதாக அவளும் வரிசையில் நின்று நட்டாள். மூன்று மணிக்கு நாற்று தீர்ந்துவிட்டது. கிழக்கு மூலை வெறும் தண்ணீராகக் கிடந்தது.

அப்போது சுகுமார் போன் செய்தான். "நட்டாச்சாம்மா?"

"ஆச்சு. ஒரு மூலதான் பாக்கி, நாத்து தீந்துட்ச்சு."

"நாத்து இல்லன்னா உட்டுடேன். ஒரு மூலக்கி இன்னா பேஜாரு?"

"உட மாட்டேன். பாண்டுரங்கன் வூட்ல நாத்து மீந்துகீதாம். போய் கேக்கப் போறேன்" என்று போனை பச்சமுத்துவிடம் கொடுத்துவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் வரப்பேறி நடந்தாள்.