கவை மரத்து ஆணிக்கறை

ஆலையில் கஸ்மினி அன்று காலையில் பிரித்தது மகோகனிக் கட்டு. மரத்தை மெல்லிசாகச் சீவி எடுத்த வெனீர்த் தாள்கள், சீவிய வரிசை மாறாமல் அடுக்கியிருந்தன. அடுத்தடுத்த இரண்டைப் புத்தகம்போல் விரித்து வைத்தால் போதும், கிளை பிரியும் கவைப் பகுதியின் ரேகைகள் மயில்தோகையாக விரியும்.

தோகையின் அடியில் நீலக்கறுப்பாக இரண்டு கறைகள். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத்தான் சீவியிருந்தார்கள். துரு மட்டும் மரத்தில் ஊறியிருந்தது. ஒரு கறை நேராக, மற்றது சாய்வாக.

அவள் மகன் ரித்வான் புறாக்கூண்டு மாட்ட வாசல் மரத்தில் அடித்த ஆணிகள். முதல் ஆணி கோணிக்கொண்டது. பிடுங்க வராமல் பக்கத்திலேயே இன்னொன்றை அடித்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் போன பிறகு, வாசல் பெருக்கும்போதெல்லாம் அவற்றைத் தொட்டுவிட்டுத்தான் அவள் நகர்வாள். வாசித்தோ என்கிற அவள் புருஷன் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான். ஒருநாள் அவள் ஆலையில் இருந்தபோது மரத்தை வியாபாரிக்கு விற்றுவிட்டான். அன்றிலிருந்து அவள் அவனுடன் சரியாகப் பேசுவதில்லை.

"என்னக்கா, கல்யாணப் பொண்ணைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் எதிர்மேசை பொனிரா.

"கறை இருக்கு."

"வெட்டித் தள்ளு. இல்லேன்னா ரெண்டு கண்ணு மாதிரி முழிக்கும். இதை வாங்குற ஓட்டல்காரன் பயந்துருவான்."

"எங்க வீட்டு மரம்டி இது."

பொனிரா கத்தியை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். ரித்வானின் ஆணிகளை அவளும் பார்த்திருக்கிறாள்.

"ஒரு துண்டு எடுத்துக்கக்கா. எப்படியும் கொதிகலன்ல எரியத்தான் போகுது. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கஸ்மினி முதல் துண்டை வெட்டிப் பையில் வைத்தாள். ஒற்றை அறை வீட்டில் வாசித்தோவின் கண்ணில் படாமல் அதை எங்கே ஒளிப்பது? மரம் அறுத்த அன்று, ரம்பச் சத்தம் ஓயும்வரை வாசித்தோ மசூதிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். கோபத்தில் அப்போது அது காதில் ஏறவில்லை.

துண்டை எடுத்துக் கழிவுக் கூடையில் போட்டாள்.

தாளுக்குத் தாள் கறை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் கறையே இல்லாத தாள் வந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு அடுத்த தாளை எடுத்து அதனோடு ஜோடி சேர்த்தாள்.

இரவு சோற்றைப் பிசைந்தபடி வாசித்தோ கேட்டான்.

"இன்னிக்கு என்ன மரம் வந்துச்சு?"

"தேக்கு."

"தேக்கு மட்டுந்தானா?"

"தேக்குதாங்க. சாப்பிடுங்க," என்று பொரித்த சோயா டெம்பே இருந்த தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.