பென்னி இளைக்க வைத்த பிக்கப்

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் பென்னிக்கு கேஸ் கட்டிங் வேலை. லாரி, வேன் என்று ஓடி ஓய்ந்த வண்டிகள் யார்டுக்கு வரும். உலைக்குள் போகிற அளவுக்கு அவற்றைத் துண்டு போடுவது அவன் பொறுப்பு. வேலையில் புலி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டில் உயரம் என்று அதன் காலை வெட்டினான். கேட் தரையில் உரசுகிறது என்று அடியை வெட்டினான். இப்போது அதன் வழியாகத் தெருநாய்கள் தாராளமாக வந்து போகின்றன. எதைச் சரிசெய்வதானாலும் அதில் கொஞ்சம் குறைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம்.

போன வருஷம் துருப்பிடித்த பிக்கப் ஒன்று யார்டுக்கு வந்தது. வெட்டுவதற்கு முன் சும்மா ஒரு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினான். என்ஜின் உறுமியது. அந்த நிமிஷமே மனசு அதன் மேல் விழுந்துவிட்டது. தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு காய்ந்த ஏரியில் சென்னைப் பசங்கள் மண் ரேஸ் விடுவதை அவன் பார்த்திருக்கிறான். அந்த ரேஸில் ஓட்ட வண்டியைக் கேட்டு நேராக யார்டு மேஸ்திரி வரதனிடம் போய் நின்றான்.

வரதன் காதைக் குடைந்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரேஸு முடியிற வரிக்கும் ஓடிச்சின்னா வண்டி உன்து, மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நடுவுல நின்னுச்சின்னா நீயே வெட்டிக் குடுத்துடணும். இன்னா சொல்ற?"

"சரிண்ணா."

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் வேலையை ஆரம்பித்தான். ரேஸ் வண்டி லேசாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னது போதுமாயிருந்தது. கதவு போனது, கூரை போனது, பின்தொட்டியின் பக்கங்களும் அடித்தகடும் போயின. கடைசியில் என்ஜினும் சீட்டும் சக்கரங்களும் வெறும் சட்டமும்தான் மிச்சம். அதற்குத் துருவைத் தேய்த்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்தான்.

அவன் மனைவி ஸ்நேகா, பெண்களைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் பிக்கப்பில் தினமும் பின்னால் நின்றுகொண்டு போகிறவள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"பின்னாடி இன்னாய்யா ஒண்ணியும் காணோம்? மழைல எங்க வண்டி காலியா வந்தா மேடு ஏறாது. நாங்கல்லாம் ஏறி நின்னாத்தான் சக்கரம் மண்ணப் புடிக்கும்."

"அது ஆளு ஏத்திக்கினு போற வண்டி. இது ரேஸு வண்டி. கம்முனு இரு."

ரேஸுக்கு முந்தின நாள் மழை பெய்தது. ஆனாலும் சமதரையில் பென்னியின் வண்டி பறந்தது. சென்னைப் பசங்களின் ஜீப்புகள் இரண்டு பின்தங்கின. வரதனே விசில் அடித்தார். இனி ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்கினால் முடிவுக்கோடு. பாதி மேட்டில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. ஜீப்புகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஏறி நிற்கலாம் என்று ஸ்நேகா செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள். நிற்பதற்கு அங்கே தகடு இல்லை.

திங்கட்கிழமை வரதனுக்கே மனசு கேட்கவில்லை. "நீ லீவு போட்டுக்கோ. நான் வேற ஆள வெச்சி வெட்டிக்கிறேன்."

"வேணாண்ணா. பேச்சு பேச்சுதான்."

பென்னி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஸைப் பற்றவைத்தான். ஒரு பிக்கப்பை வெட்ட அவனுக்கு மத்தியானம் ஆகிவிடும். இது காலை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. முக்கால்வாசியை அவனே ஏற்கெனவே வெட்டியிருந்தான்.