சீனன்குடா வீதியில் ஒரு வெடிச்சத்தம்

என்னைக் கேட்காமலே என் உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்பது ஒரு ஞாயிறு காலையில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை சண்டைக்காலம் எனக்குள் முடிந்துபோன ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

நான் துறைமுகத்தில் மின்சாரப் பிரிவில் வேலை செய்பவன். பிள்ளைகள் படிக்கக் கொழும்புக்குப் போன பிறகு, இளவயதிலிருந்து ஆசைப்பட்ட ஒரு காரை வாங்கினேன். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய யப்பான் ஸ்போர்ட்ஸ் கார். லிங்கநகர் வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது என் மனைவி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "மரக்கறி வாங்கினால் எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

கார் ஓடியது. ஆனால் மேடு கண்டால் இளைத்தது. அன்புவழிபுரத்தில் ஒரு பெண் கராஜ் வைத்திருந்தாள். கொழும்பில் இப்படியான கார்களில் வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பியவள், என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. பொனற்றைத் திறந்து பார்த்ததும், "அங்கிள், இதுக்கு மூச்சுவிட வழியில்லை. காத்தும் ஒழுங்கா உள்ள போகேல்ல, புகையும் ஒழுங்கா வெளிய வரேல்ல" என்றாள்.

காற்றை இழுக்கும் குழாயை அகலமானதாக மாற்றி, எஞ்சின் சூடு படாத மூலையில் தூசியைத் தடுக்கும் பெரிய வடியொன்றைப் பூட்டினாள். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, வளைவு குறைந்த தடித்த குழாயைப் பொருத்தினாள். கடைசியாக லப்டொப்பைக் காரின் கொம்பியூட்டரோடு இணைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். சாவியைத் தரும்போது சிரித்தாள். "உங்களுக்கு ஒரு சின்னச் சர்ப்ரைஸ் வச்சிருக்கிறன். ஓடேக்க விளங்கும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் சேலையோடேயே மனைவியை ஏற்றிக்கொண்டு போனேன். சீனன்குடாப் பக்கம் வீதி நேராகும் இடத்தில் அக்சிலேற்றரை மிதித்தேன். கார் எங்கள் இருவரையும் கதிரையோடு சேர்த்துப் பின்னால் அழுத்தியது. அவள் கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. முன்னால் பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் நிற்பது தெரிந்ததும் காலை எடுத்தேன்.

பின்னால் வெடித்தது. ஒன்றல்ல. காய்ந்த, கூரான வெடிகள், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு.

பிறகு எனக்குத் தெரிந்தது, கார் வீதியை விட்டு இறங்கி மணலில் சரிந்து நிற்கிறது என்பது. என் தலை ஸ்டியரிங்கிற்குக் கீழே இருந்தது. இடது கை மனைவியின் பிடரியைத் தேடிப்போய் அமுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் நான் அமுக்கத் தேவையில்லாமல் இருந்தது. அவள் ஏற்கெனவே கதிரைக்கும் டாஷ்போர்ட்டுக்கும் நடுவே கீழே இறங்கிவிட்டாள். எப்படி அந்த இடத்துக்குள் அடங்கினாள் என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. முழங்கால்கள் நெஞ்சோடு, விரல்கள் காதுக்குள், வாய் அகலத் திறந்தபடி.

"எந்தப் பக்கத்தால அடிக்கிறாங்கள்?" என்று கேட்டாள்.

அதன்பிறகுதான் எனக்குக் காரணம் விளங்கியது. காலை எடுக்கும்போது எரியாத பெற்றோல் கொஞ்சம் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றுகிறது. வெடிக்கவேண்டும் என்றே அந்தப் பெண் அப்படி எழுதியிருக்கிறாள். இளம் பெடியள் விரும்பிக் கேட்டுச் செய்விக்கும் விசயம். இதெல்லாம் நான் அறிந்தவன். அறிந்தது என் கைக்குத் தெரியவில்லை.

"ஒண்டுமில்லையப்பா, கார்தான். நீர் எழும்பும்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

வெளியே இறங்கியபோது பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தேன். என் வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எல்லோரும் நிலத்தில் கிடந்தார்கள். மீன் விற்பவர் ஒருவர் தன் சைக்கிள் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். ஒரு பெண் யாருடையதோ பிள்ளையைத் தன் வயிற்றுக்குக் கீழே வைத்து மூடியிருந்தாள். அவர்களுக்கு நடுவே இளையவர்கள் மட்டும் நின்றபடி நின்றார்கள், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒருவன் ஓடிவந்தான். "சுப்பர் சத்தம் அங்கிள். இன்னொருக்கா அடியுங்கோவன்."

நான் காருக்குள் கையை விட்டுச் சாவியை உருவி எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துக் காவலரணிலிருந்து சிப்பாய் ஒருவர் வந்தார். அவரும் நடுவயதைத் தாண்டியவர். நான் இரண்டு கைகளையும் அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கார் தானா ஐயா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். ஓம் என்றேன். முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "நானும் கீழ படுத்தது" என்றார்.

நான் பஸ் தரிப்பிடத்துக்குப் போய், எழும்பிக்கொண்டிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மீன்காரர் மட்டும், "இனி இந்தப் பக்கம் அதைக் கொண்டு வராதேங்கோ" என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குசினியில் தேத்தண்ணி போடும்போது மனைவி தானாகவே கதைத்தாள். "ஷெல் விழேக்க வாயை மூடிக்கொண்டு இருந்ததால எங்கட வகுப்புப் பிள்ளை ஒண்டுக்குச் செவிப்பறை கிழிஞ்சு போனது. அதுக்குப் பிறகு அப்பா எங்களை வரிசையா இருத்தி வாயைத் திறக்கப் பழக்கினவர். நித்திரைப் பாயிலயும் பழக்கினவர்." இடம்பெயர்ந்திருந்தோம் என்று மட்டும்தான் அவள் எனக்கு இதுவரை சொல்லியிருந்தாள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

மறுநாள் பின்னேரம் கராஜுக்குப் போக வெளிக்கிட்டபோது, "நானும் வாறன்" என்றாள்.

நடந்ததைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு இது யோசனையிலயே வரேல்ல அன்ரி. நான் இப்பவே அழிச்சுவிடுறன்" என்று லப்டொப்பை எடுத்தாள்.

"பொறுங்கோ" என்றாள் மனைவி. "அழிக்க முதல் எனக்கு ஒருக்காக் கேக்கவேணும். என்னெண்டு வருகுதெண்டு பாக்கவேணும்."

நான் வேண்டாமென்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "பக்கத்து வீடுகளுக்கு முதலே சொல்லிப்போட்டு வாங்கோ" என்று அந்தப் பெண்ணை அனுப்பினாள். அடுத்த வீட்டு அம்மா வேலியோரம் வந்து, பேரப்பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

காருக்குப் பின்னால், குழாயைப் பார்த்தபடி மனைவி நின்றாள். அந்தப் பெண் எஞ்சினை உறுமவிட்டுக் காலை எடுத்தாள். வெடித்தது. மனைவியின் தோள்கள் துள்ளின. "இன்னொருக்கா" என்றாள். மறுபடியும் துள்ளின. குழாயின் வாயில் சின்னதாக ஒரு நீலச் சுவாலை எட்டிப் பார்த்து அணைந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். தோள்கள் துள்ளுவது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடவும் இல்லை. நான்தான் கேட்க ஏலாமல் வீதிக்குப் போய் நின்றேன்.

"போதும். இனி அழியுங்கோ" என்ற குரல் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

திரும்பிவரும்போது கார் ஒரு குறையுமில்லாமல், வெடிச்சத்தமில்லாமல் ஓடியது. ஆனாலும் காலை எடுக்கவேண்டிய இடம் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, "காரை நிப்பாட்டுங்கோ, இனி நான் ஓட்டுறன்" என்றாள்.