ஜி.என். என்று நாற்பத்து மூன்று இடத்தில்

கோமதிநாயகம் அண்ணாச்சியைக் கெட்டிக்காரர் என்று சொன்னால் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களில் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள். சங்கரன்கோவில்காரர். பழவங்காடியில் ஒரு மொத்தக்கடையில் டைப்படித்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயதில் ஜெராக்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தார். புது வெர்ஷன் போகிற நாளில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இந்த வேலை போனால் அந்த வயதில் வேறு எவனும் அவரைக் கூப்பிட மாட்டான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். பெர்லுக்கு வேண்டிய, பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவித்தர ஒரு கருவி உண்டு. அது இறக்கிய தொகுப்பில் கோளாறு இருந்தால், நம் நிரலில் சரிக்கட்டாமல் தொகுப்புக்குள்ளேயே கைவைத்துத் திருத்துவார். பக்கத்தில் தன் பெயரைச் சுருக்கி ஜி.என். என்று போடுவார். வேறெங்கும் குறித்துவைக்க மாட்டார்.

2004 ஜூலையில் புதுத் தொகுப்பு ஒன்று பழையவற்றோடு மோதி ஏற மறுத்தது. மேனேஜர் அனூப் மலையாளி, இருபத்தேழு வயது, பொறுமை மருந்துக்கும் கிடையாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து இறக்கச் சொன்னார். திருத்தங்களை எடுத்துவைக்க அண்ணாச்சி இரண்டு நாள் கேட்டார். கிடைக்கவில்லை. அனூப் டீ குடிக்கப் போன நேரத்தில் திருத்தங்கள் இருந்த ஃபோல்டரைச் சிடியில் எழுதிவைக்கும்படி அண்ணாச்சி என்னிடம் சொன்னார். ஆபீஸ் கோப்பைச் சிடியில் எழுதினால் சீட்டுக் கிழியும். ஆனாலும் எழுதினேன்.

அனூப் திரும்பி வந்தார். "அண்ணாச்சியிட ஒட்டு வேலை ஒண்ணும் வேண்டா. அண்ணாச்சியே அழிச்சா மதி, அது போதும்."

எல்லாரும் பார்க்க அவரே அழித்தார்.

திங்கட்கிழமை துபாய் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பாடு. ஜூலை மூன்றில் எடுத்த ரத்தத்துக்கு மார்ச் ஏழு என்று ரிப்போர்ட் வந்திருந்தது. 3/7 என்பதில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடாமல் படிக்கவைத்தது அண்ணாச்சியின் திருத்தம்தான். முதலாளி வந்து யார் அழித்தது என்றார். கம்ப்யூட்டர் பதிவில் அண்ணாச்சி பெயர் இருந்தது. தான் சொல்லவே இல்லை என்று அனூப் கூசாமல் சொன்னார். அன்று பார்த்த மற்றவர்கள் தத்தம் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். என் நாக்கு அழுகிப்போக.

சிடி இருக்கிறது என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொன்னால் என் வேலை போகும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் படியிறங்கிய பிறகு சிடியை அனூப்பிடம் நீட்டினேன். சிடியில் எழுதக் கூடாது என்ற விதியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. திருத்தங்களைத் திரும்ப ஏற்றிவிட்டு, ஜி.என். என்ற குறிப்பை மட்டும் எல்லா இடத்திலும் எடுத்துவிடச் சொன்னார். நாற்பத்து மூன்று இடம். ஒவ்வொன்றாக நானே அழித்தேன். தேதி சரியானது. நாளையிலிருந்து அண்ணாச்சி நாற்காலி எனக்கு என்றார்கள்.

சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போன் வந்தது.

"பொன்செல்வி, அந்தச் சிடிய ஒடச்சுப் போட்ரு. எவனாவது பாத்தாம்னா ஒனக்குல்லா கேடு."

சரி அண்ணாச்சி என்றேன்.