படகு வராத நாளில் பதிவு இல்லை

ஆலந்தலை டெல்பினுக்கு அன்று காலையிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. பின்னே? ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, ஏரல், சாத்தான்குளம், காயல்பட்டினம் என்று ஊருக்கொரு ஆளைச் சேர்த்து அவள் வளர்த்த ஐந்து வலைப்பூக்களையும் மொத்தமாக வாங்க, சென்னையிலிருந்து பெரிய ஊடக நிறுவனம் ஒன்று ஆளையே அனுப்பியிருந்தது. ஊரெல்லாம் சொல்லி முடித்தாயிற்று, புதுச் சேலையும் கட்டியாயிற்று. எதிர்வீட்டு ஆக்னஸிடம் மட்டும் சொல்லவில்லை. "எந்நேரமும் போனை நோண்டுதா, இவளெல்லாம் ஒரு பொம்பளையா" என்று அவள் ஏசியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

நிறுவனம் அனுப்பிய சிவப்பிரகாஷ், டெல்பின் வீட்டில் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டும்போதுதான் செய்தி வந்தது. ஆக்னஸின் புருஷன் போன படகு விடிந்தும் கரை வரவில்லை.

டெல்பின் பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஒரு படகு வரவில்லையென்றால் ஐந்து வலைப்பூக்களிலும் வேறெதுவும் ஓடாது. படகின் பெயரும் போனவர்களின் பெயரும் மட்டும் நிற்கும். முதல் நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

"மேடம், எங்க முதலாளி இன்னைக்கு உங்க பக்கங்களை நேரடியா பாத்துக்கிட்டிருக்காரு. மீன் குழம்பு வீடியோவாவது ஓடட்டும். நிறுத்தினா டீலே போயிரும்."

டெல்பின் தன் புதுச் சேலையைக் குனிந்து பார்த்தாள். எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்!

"போனாப் போவுது சார். ஆளு கடல்ல கெடக்கும்போது கொழம்பு வீடியோ போடச் சொல்லுதீகளா?"

நிறுத்திவிட்டாள். வெயில் ஏறும் நேரம் காயல்பட்டினத்து வலைப்பூவைப் பார்த்துக்கொள்ளும் ராஹிலா போனில் மூச்சிரைத்தாள்.

"டெல்பின், எங்க ஈஸா மாமா மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன தோணில திரும்பி வாராக. சிக்னல் கெடச்சதும் நம்ம பக்கத்தைத் தொறந்திருக்காக. ஒண்ணுமே இல்லாம படகு பேரு மட்டும் நின்னுருக்கு. சுத்திப் பாத்தா, அதே படகு எஞ்சின் நின்னு மெதக்குதாம். கட்டி இழுத்துட்டு வாராக."

ஆலந்தலைப் படகுகள் எதிரே பாய்ந்தன. கரையே கூடிவிட்டது. இழுத்து வந்த படகு கரையை நெருங்கியதும் சிவப்பிரகாஷ் ஷூவோடு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். புருஷன் முகத்தைப் பார்த்த ஆக்னஸ், நேரே டெல்பினிடம் வந்து நின்றாள்.

"ஏளா, கையெழுத்துப் போட்டியா?"

"இல்லளா. அது போச்சு."

அப்போது சிவப்பிரகாஷின் போன் அடித்தது. காலையிலிருந்து ஏன் ஒன்றுமே ஓடவில்லை என்று முதலாளி கத்துவது வெளியே கேட்டது.

"படகு வரலை சார். இப்ப வந்துடுச்சு," என்றார் சிவப்பிரகாஷ், சொட்டச் சொட்ட நின்றபடி. "வாங்கினா இந்த வழக்கத்தையும் சேர்த்து வாங்குவோம். இல்லன்னா நான் சும்மாவே திரும்பி வர்றேன்."

மறுமுனையில் கத்தல் அடங்கியது. "சரி, அதையும் எழுதிக்கோ" என்றது குரல்.

சிவப்பிரகாஷ் ஈரச் சட்டைப்பையைத் தடவினார். பேனா டெல்பின் வீட்டு மேசையில் கிடந்தது.

அதை எடுக்க ஆக்னஸ் ஓடினாள்.