ஆடாத கோடு

லிஃப்ட் ரிப்பேர்காரருக்குப் பகல் முழுக்க இருட்டில் வேலை. இருபத்தொரு வருடமாகக் கட்டடங்களின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டு கம்பியையும் கப்பியையும் பார்த்தவர், வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்கு ஓடுவார். வானத்தைப் படமெடுக்கும் பைத்தியம்.

அன்று பைத்தியம் முற்றியிருந்தது. வானியல் சங்கத்தின் காலண்டருக்குப் படம் அனுப்ப அன்றுதான் கடைசி. ஆறு வருடமாக அடுத்தவர் படத்துக்குக் கைதட்டியே உள்ளங்கை தேய்ந்தவர். அவர் குறிவைத்த சுருள் விண்மீன் மண்டலமோ ஒன்பதரைக்கெல்லாம் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும்.

மூன்று நாளாக எடுத்த படங்களிலெல்லாம் நட்சத்திரங்கள் புழு மாதிரி நீண்டிருந்தன. வானம் நகர நகரத் தொலைநோக்கியும் பிசகாமல் நகர வேண்டும். அதற்காகவே பெரியதன் முதுகில் ஒரு குட்டித் தொலைநோக்கியைப் புதிதாக வாங்கி ஏற்றியிருந்தார். அது ஒரே நட்சத்திரத்தைக் கண்கொட்டாமல் பார்க்கும். மயிரிழை விலகினாலும் மோட்டாரைத் திருத்தும். விலகல் லேப்டாப்பில் ஏறி இறங்கும் கோடாக ஓடும்.

"கோட்டப் பாரு, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி! குட்டி மேல குத்தமே இல்ல," என்றார் மனைவியிடம். பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டாயிற்று, கேபிளையும் மாற்றியாயிற்று.

"அப்ப குத்தம் நட்சத்திரத்து மேலயா? கூப்பிட்டுக் கேப்போமா?" என்றபடி டீயோடு வந்தவள், தொலைநோக்கியைத் தாங்கிய முக்காலியின் காலை நன்றாக எத்திவிட்டாள். தொலைநோக்கி கிடுகிடுத்தது.

"அய்யோ, போச்சு!" என்று அலறி லேப்டாப்பைப் பார்த்தார். கோடு அசையவே இல்லை.

"ஏங்க, எனக்கே விரல் விண்ணுவிண்ணுங்குது. இதுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

அவருக்குள் இருந்த லிஃப்ட்காரர் விழித்துக்கொண்டார். லிஃப்ட் ஓடும்போதும் மாடி எண் மாறாமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எண் காட்டும் பெட்டியைத்தான். குட்டியின் வாயில் விரலை விட்டார். வெளிமூடியைக் கழற்றியிருந்தார்; உள்ளே கறுப்பாக இன்னொரு மூடி! மூன்று நாளாகக் குட்டி பார்த்தது நட்சத்திரத்தையே அல்ல, அதன் பின்னால் மாட்டிய கேமராவுக்குள் சதா மினுங்கும் ஒரு பழுதான புள்ளியை. அது எங்கே நகரும்?

"கண்ணக் கட்டிவிட்டுக் காவலுக்கு நிறுத்தியிருக்கீங்க!" அவள் சிரித்த சிரிப்பில் டீ பாதி தரையில்.

மூடியைப் பிடுங்கி நிஜ நட்சத்திரத்தைப் பிடித்தார். கோடு குரங்காகக் குதித்து, மெல்ல அடங்கி, லேசாக நடுங்கியபடி ஓடியது. "ஆடுதுடி, ஆடுது!" மணி ஒன்பது இருபது. ஒரே படத்துக்குத்தான் நேரம். ஐந்து நிமிடம் இருவரும் சிலையாக நின்றார்கள்.

திரையில் நட்சத்திரங்கள் கடுகு கடுகாக உருண்டையாய் விழுந்தன. நடுவே, சுழன்ற கைகளோடு, அந்த விண்மீன் மண்டலம். அனுப்பிய கையோடு அவர் குதித்தார். அவளும் செருப்பை உதறிவிட்டுக் குதித்தாள்.

"யாருங்க மேல? எத்தன பேரு?" கீழ்வீட்டுக்காரரின் குரல்.

"ரெண்டே பேருதாங்க!" என்று கத்திவிட்டு, மூச்சிரைக்க இன்னொரு சுற்றுக்குக் கணவனின் கையைப் பிடித்தாள்.